கட்டிலுக்கு அடியில் ஒரு கட்டில்

இங்கிலாந்து தேசத்து ஆக்ஸ்போர்டு நகரில் மாட்லின் கல்லூரியை ஸ்தாபித்தவரும் வின்செஸ்டர் நகரத்துப் பிஷப்புமான வில்லியம் வேன்ஃபிளீட், 15ஆம் நூற்றாண்டில் அக்கல்லூரிக்கு லத்தீன் மொழியில் சட்ட திட்டங்களை வகுத்தபோது, கற்கவேண்டிய சாஸ்திரங்களையும் ஜபம் செய்யவேண்டிய வேளைகளையும் விதித்ததோடு நில்லாமல், அறைக்குள் எத்தகைய கட்டில்கள் எத்தனை இருக்கவேண்டும் என்பதையும் விதித்துவைத்தார். முதன்மைக் கட்டில்கள் இரண்டு. அவற்றோடு சக்கரம் பூட்டிய தாழ்ந்த கட்டில்கள் இரண்டு. கல்லூரியில் நிலைபெற்றுவிட்ட மூத்தோர் உயர்ந்த கட்டிலில் துயில, உபகாரச் சம்பளம் பெற்றுப் படிக்க வந்த இளையோர் தாழ்ந்த கட்டிலில் துயின்றார்கள். பொழுது விடிந்ததும் தாழ்ந்த கட்டில் உயர்ந்ததின் அடியில் தள்ளப்பட்டுக் கண்ணுக்கு மறைந்துவிடும். இரவு அது கிடந்த தரை பகலில் நடமாட்டத்துக்கு உரியதாகும்.

இன்றைக்குச் சிறிய அறைகளுக்கென்று விற்பனைக்கு வரும் திவான் கட்டில்கள் சிலவற்றில், பகலில் சாய்ந்து உட்காரும் மேற்கட்டிலும், இரவில் அதன் அடியிலிருந்து இழுத்துப் போட்டுக்கொள்ளும் கீழ்க்கட்டிலும் ஒருங்கே அமைந்திருப்பதைக் காண்கிறோம். அந்தக் கீழ்க்கட்டிலின் முன்னோர்தான் மேலே சொன்ன, சக்கரம் பூட்டிய உருள்கட்டில். இடம் போதாமையால் பிறந்த சாதனம் இது என்று எண்ணுவது எளிது. ஆனால் இதன் சரித்திரத்தைத் தொடர்ந்து பார்க்குந்தோறும், மனிதரில் ஒருவர் மேலாகவும் ஒருவர் கீழாகவும் படுக்கவேண்டும் என்ற சமூக ஏற்பாடே இதைப் பெரும்பாலும் வளர்த்தது என்றும், இடநெருக்கடிக்கு இது மருந்தானது மிகப் பிற்காலத்தில்தான் என்றும் எனக்குத் தோன்றுகிறது. பெரிய மாளிகைகளில், தாராளமான அறைகளில், இடத்துக்கு எந்தக் குறைவும் இல்லாத இடங்களில் அல்லவா இக்கட்டில் வெகுகாலம் உருண்டுகொண்டிருந்தது!

அக்காலத்து ஆங்கிலேயருக்குக் கட்டில் என்பது வீட்டுச் சாமான்களில் ஒன்று மட்டும் அன்று. வீட்டின் ஐசுவரியமே அதில் அடங்கியிருந்தது. நான்கு மூலையிலும் கம்பம் நிறுத்தி, மேலே விதானமும் சுற்றிலும் கனத்த திரைகளும் தொங்கவிட்டு, வைக்கோல் மெத்தையின்மேல் இறகு மெத்தையையும் அதன்மேல் கம்பளியையும் அடுக்கிய உயர்ந்த கட்டில் ஒன்று, தகப்பனிடமிருந்து மகனுக்கு உயிலில் எழுதிவைக்கத் தக்க ஆஸ்தியாக இருந்தது. 1616இல் ஷேக்ஸ்பியர் தம் உயிலில் மனைவிக்கு இரண்டாந்தரமான கட்டிலைக் குறிப்பிட்டு எழுதிவைத்தார் என்பதைப் பண்டிதர்கள் இன்றளவும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். ஹெர்ட்ஃபர்டுஷைரில் வேர் என்னும் ஊரில் 1590ஐ ஒட்டிச் செய்யப்பட்ட பெருங்கட்டில் பத்தடிக்கு மேற்பட்ட அகலமுடையது. விடுதியில் தங்க வந்த யாத்திரிகர்களுக்கு அது ஓர் அதிசயமாக விளங்கி, நாடக மேடையிலும் பேசப்படும் அளவுக்குப் புகழ் பெற்று, 1931இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலையை அடைந்தது.

இந்த வைபவங்களுக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. எஸெக்ஸ் ஜில்லாவில் ராட்விண்டர் என்ற கிராமத்துப் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹாரிஸன், 1577இல் வெளியான தம் இங்கிலாந்து விவரணத்தில், ஊர்ப் பெரியவர்கள் தங்கள் ஆயுட்காலத்தில் மூன்று விஷயங்கள் அடியோடு மாறிவிட்டனவென்று வியந்ததை எழுதுகிறார். வீடுதோறும் புகைபோக்கி எழுந்தது ஒன்று. மரத்தட்டு போய் ஈயக்கலப்புத் தட்டு வந்தது மற்றொன்று. படுக்கை திருந்தியது இன்னொன்று. அதற்கு முன் வைக்கோல் பரப்பிய பாயில், உருண்டை மரக்கட்டை ஒன்றைத் தலைக்கு வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் அவர்கள். தலையணை என்பது பிள்ளை பெற்ற தாய்மாருக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் இருந்தது. வேலைக்காரர் நிலையோ இன்னும் பரிதாபம். மேலே போர்த்திக்கொள்ள ஒரு துணி கிடைத்தாலே பாக்கியம். வைக்கோல் உடம்பில் குத்தாமல் கீழே விரித்துக்கொள்ள ஒன்று கிடைப்பது அபூர்வம். மேற்கட்டிலின் விதானத்தையும் பட்டுத் திரையையும் காட்சிச்சாலையில் கண்டு மகிழ்கிற நாம், அந்த விதானத்தின் கீழ்த் தரையோடு தரையாகப் படுத்தவர்களையும் கூடவே நினைக்கவேண்டும். அவர்களுடைய கட்டில்கள் காட்சிச்சாலைகளில் அவ்வளவாகக் காணப்படுவதில்லை. உழைத்துத் தேய்ந்த மரத்தை யாரும் பாதுகாத்து வைப்பதில்லை, அடுப்பில் வைத்துவிடுகிறார்கள்.

எலிஸபெத் ராணியின் ஆட்சி முடிவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1597இல், ஜோஸஃப் ஹால் என்ற இளம்புலவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட அங்கதப் பாடல்களில் ஒன்று இந்த விஷயத்தை நெஞ்சில் தைக்கும்படி சொல்லுகிறது. கிராமத்துப் பிரபு ஒருவர் தம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வாத்தியார் ஒருவரை அமர்த்த விரும்புகிறார். அவர் போடும் நிபந்தனைகளில் முதலாவது, மாணவன் மேற்கட்டிலில் படுக்க, ஆசிரியர் அடியில் உள்ள உருள்கட்டிலில் படுக்கவேண்டும் என்பது. உணவு மேசையில் உப்புக்கிண்ணத்துக்கு மேற்புறம், அதாவது கௌரவமானவர்கள் இருக்கும் புறம், உட்காரலாகாது என்பது அடுத்தது. லத்தீனும் கிரேக்கமும் கற்றுத் தேர்ந்து, பிறகு எத்தனையோ உயர்ந்த ஸ்தானங்களை வகிக்கத் தகுதியுள்ள ஒருவன், தான் கற்பிக்கும் சிறுவனுக்குக் கீழே படுத்துறங்கவேண்டிய நிலையில் இருந்தான் என்பதைக் காட்ட அந்தக் கட்டில் ஒன்றே போதுமாயிருந்தது. ஹால் பின்னாளில் எக்ஸிடரிலும் நாரிச்சிலும் பிஷப்பாக விளங்கியவர். படித்தவர்கள் படும் அவமானத்தை அறிந்து எழுதியவர்.

ஷேக்ஸ்பியர் விண்ட்ஸர் நகரத்தைக் களமாக வைத்து எழுதிய நாடகத்தில், விடுதிக்காரன் அங்கே தங்கியிருக்கும் ஃபால்ஸ்டாஃப் என்ற கனவானின் அறையைச் சுட்டும்போது நிலைக்கட்டிலையும் உருள்கட்டிலையும் சேர்த்தே சொல்லுகிறான். விடுதி அறையில் இரண்டும் இருப்பது அக்காலத்துச் சாதாரண வழக்கம் என்பது இதனால் தெரிகிறது. கனவான் எங்கே தங்கினாலும் அவனுடைய ஆள் அவன் காலடியில் தங்கவேண்டும். சாமுவேல் பீப்ஸ் என்ற கடற்படை உத்தியோகஸ்தர் தம் நாட்குறிப்பில், 1667 அக்டோபரில் பிராம்ப்டனில் உள்ள தகப்பனார் வீட்டுக்குச் சென்றபோது, தாமும் மனைவியும் உயர்ந்த கட்டிலில் படுக்க, மனைவிக்குத் துணையாக அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த வில்லெட் என்ற இளம்பெண் அதே அறையில் உருள்கட்டிலில் படுத்தாள் என்று குறித்திருக்கிறார். ஓராண்டு கடந்தபின் பீப்ஸ் அப்பெண்ணிடம் முறைகேடாக நடந்ததை மனைவி நேரில் கண்டதும், குடும்பத்தின் அமைதி குலைந்ததும், வேலையை இழந்து வீட்டைவிட்டு வெளியேறியவள் அந்தப் பெண்ணே ஆனதும் அந்த நாட்குறிப்பிலேயே விரிவாக உள்ளன. யஜமானருடைய மூச்சு கேட்கும் தூரத்தில் படுத்துறங்கும் பணிப்பெண்ணுக்குப் பாதுகாப்பு என்பது யஜமானருடைய நற்குணம் ஒன்றுதான்; அது தவறினால் அவளுக்கு வேறு கதி இல்லை. உருள்கட்டிலின் சரித்திரத்தில் இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

பணியாளை ஏன் படுக்கையறைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள்? அழைத்தால் கேட்கும் தூரத்தில் வேறு இடம் இல்லை என்பதே காரணம். பழைய மாளிகைகளில் ஓர் அறையைக் கடந்தே அடுத்த அறைக்குப் போகவேண்டும். நடைவழி என்ற தனியமைப்பு அருமை. நள்ளிரவில் கணப்பு அணைந்துபோனால் விறகிடவும், மெழுகுவத்தி ஏற்றவும், நோயுற்றால் ஓடி உதவவும் ஆள் அருகிலேயே கிடக்கவேண்டியிருந்தது. 17ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஸர் ரோஜர் பிராட் என்ற கட்டடச் சிற்பி கோல்ஸ்ஹில் மாளிகையைக் கட்டியபோது, மாளிகையின் நீளம் முழுதும் ஒரு நடைவழியை ஓடவிட்டு, வேலைக்காரர் ஏறி இறங்கத் தனியே பின்புறப் படிக்கட்டுகளும் வைத்தார். அடுத்த நூற்றாண்டில், சுவருக்குள் கம்பி இழுத்து, படுக்கையறையில் கயிற்றை இழுத்தால் தொலைவில் பணியாளர் பகுதியில் மணி அடிக்கும்படியான ஏற்பாடு பெரிய வீடுகளில் பரவியது. அரசியல் கிளர்ச்சியோ சமத்துவ உபதேசமோ செய்யாத காரியத்தை ஒரு நடைவழியும் ஒரு மணிக்கம்பியும் செய்தன: பிரபுக்களின் படுக்கையறையிலிருந்து உருள்கட்டில் வெளியேறியது. பணியாள் கூரைக்கடியில் உள்ள குளிர்ந்த அறைக்குப் போனான். அங்கே சுகம் குறைவானாலும், ஒருவன் படுக்கைக்குக் கீழே படுக்கும் நிலை ஒழிந்தது.

நடைவழி தோன்றிய அதே 17ஆம் நூற்றாண்டில், இப்போது நாம் திவான் என்று வழங்கும் பகற்கட்டில் இங்கிலாந்தில் செல்வாக்கு அடைந்தது. 1660இல் இரண்டாம் சார்லஸ் பிரெஞ்சு தேசத்திலும் டச்சு தேசத்திலும் கழித்த வனவாசத்தை முடித்துக்கொண்டு சிங்காதனம் ஏறியபோது, அந்நிய தேசங்களின் அலங்காரப் பழக்கங்கள் அவரோடு கப்பல் ஏறி வந்தன. வால்நட் மரத்தில் கடைந்த கால்கள் ஆறோ எட்டோ நீளமாக வரிசையிட்டு நிற்க, ஒரு முனையில் மட்டும் சாய்மானம் எழுந்து, அச்சாய்மானத்தைச் சங்கிலியால் ஏற்றவும் இறக்கவும் கூடிய பகற்கட்டில்கள் அப்போது தோன்றின. அவற்றின் ஆசனத்திலும் சாய்மானத்திலும் பின்னிய பிரம்பு, கிழக்கிந்தியக் கம்பெனியார் மலாய் நாட்டுப் பக்கமிருந்து கப்பலில் கொண்டுசென்றது. பகலில் படுப்பது உழைப்பாளிக்குக் கிட்டாத பாக்கியம். ஆகையால் பகற்கட்டில் மறைத்துவைக்கும் பொருளாக இராமல், விருந்தினர் வந்து பார்க்கும் அறையில் முன்னிலையில் போட்டுவைக்கும் பொருளாக இருந்தது.

நம் கடற்கரைக்கும் இந்தக் காலத்து மரவேலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் நம் தச்சர்கள் டச்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் கருங்காலி மரத்தில் இலையும் பூவும் பறவையும் செறியச் செதுக்கிய நாற்காலிகளையும் நீண்ட ஆசனங்களையும் செய்துகொடுத்தார்கள். பிரம்பு பின்னிய அந்த ஆசனங்கள் கப்பலேறி இங்கிலாந்தின் பழைய மாளிகைகளில் குடிபுகுந்தன. நூறு ஆண்டு கழிந்தபின் ஹோரஸ் வால்போல் என்ற கலாரசிகர் அவற்றைக் கண்டு, டியூடர் அரசர் காலத்து ஆங்கிலேயத் தச்சரின் கைவேலை என்று நம்பித் தம்முடைய ஸ்ட்ராபெரி ஹில் மாளிகைக்கு வாங்கிச் சேர்த்தார். பேர் தெரியாத நம் தச்சருடைய உளிவேலை இங்கிலாந்தின் சொந்தப் பழமையாக அங்கே கொண்டாடப்பட்டது என்பதை எண்ணும்போது பெருமையும் வருத்தமும் ஒருங்கே உண்டாகின்றன. இது கிளைக்கதைதான், ஆனாலும் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை.

பிரபுக்களால் கைவிடப்பட்ட உருள்கட்டில் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்கக் குடியேற்றங்களில் வேறு வாழ்க்கை தொடங்கியது. அங்கே குடியானவன் வீட்டில் கணப்பு எரியும் அறை ஒன்றுதான் குளிர்காலத்தில் படுக்கத் தக்கது. அங்கே கணவனும் மனைவியும் உயர்ந்த கட்டிலிலும் குழந்தைகள் உருள்கட்டிலிலும் படுத்தார்கள். மரச்சட்டத்தில் துளையிட்டோ முளையடித்தோ, நம் கயிற்றுக் கட்டிலைப் போலவே, கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டி, அது தொய்ந்தபோதெல்லாம் மரத்தாலான முறுக்குச் சாவியால் திருகி இறுக்கிக்கொண்டார்கள். உருள்கட்டிலின் கால்கள் முழங்கால் உயரங்கூட இல்லாமல், அடியில் மர உருளைகள் மாட்டப்பட்டிருந்தன. சட்டமும் கயிறும் உருளையும் அப்படியே இருக்க, அதில் படுத்தவரின் ஸ்தானம் மட்டும் மாறியது. கீழே படுத்தவன் அடிமைத்தனத்தின் அடையாளமாக அன்றி, தாய் கைநீட்டினால் எட்டும் தூரத்தில் உறங்கும் குழந்தையாக ஆனான். இதைவிட நல்ல மாறுதல் ஒரு மரச்சாமானுக்கு நேர்ந்ததாக நான் அறியேன்.

பின்பு நகரங்கள் பெருத்தன. நியூயார்க்கில் ஆர்ச்சர்டு தெரு 97ஆம் இலக்கத்தில் 1863இல் கட்டப்பட்டு இன்று காட்சிச்சாலையாக உள்ள குடியிருப்பில், ஒரு குடும்பத்துக்குரிய மூன்று அறைகளும் சேர்ந்து ஏறக்குறைய 325 சதுர அடிதான். அதற்குள் தாய் தந்தையர், குழந்தைகள், சிலபோது வாடகைக்குப் படுக்க வந்த அந்நியர் எல்லோரும் அடங்கினார்கள். அறை சிறுத்ததற்காகக் கட்டில் மறையவேண்டிய காலம் மெய்யாகவே அப்போதுதான் வந்தது. சிகாகோவில் மரச்சாமான் கடை நடத்திய ஸாரா குட், மடக்கினால் எழுதுமேசையாக நிற்கும் கட்டில் ஒன்றை உருவாக்கி, 1885 ஜூலை 14ஆம் தேதி 322,177 என்ற எண்ணுள்ள காப்புரிமை பெற்றார். ஆப்பிரிக்க அமெரிக்க இனத்துப் பெண்மணி அவர். அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அவ்வினத்துப் பெண்களில் மிக முற்பட்டவர்களில் ஒருவர். ஒருவன் அந்தஸ்தைக் காட்ட மற்றொருவன் கீழே படுத்த காலத்துக்கும், வாடகை அறையில் வாழும் எளிய குடும்பம் பகலில் மேசையையும் இரவில் கட்டிலையும் ஒரே இடத்தில் அடையும்படி ஒரு பெண்மணி யோசித்த காலத்துக்கும் இடையே எவ்வளவு தூரம்! ஸான்ஃபிரான்ஸிஸ்கோவில் வில்லியம் மர்ஃபி சுவரோடு நிமிர்ந்து மறையும் கட்டிலைச் செய்து பேர் பெற்றது அதற்குக் கால் நூற்றாண்டுக்குப் பிறகு.

இவையெல்லாம் வந்தபின்னும் உருள்கட்டில் அழியவில்லை. பகற்கட்டிலோடு ஒரே சட்டத்தில் சேர்ந்து நிலைபெற்றது. உல்லாசத்தைக் காட்ட முன்னிலையில் வைத்த கட்டிலும், ஊழியத்தை மறைக்க அடியில் தள்ளிய கட்டிலும் எட்டடிக்குப் பத்தடி அறையில் ஒன்றாயின. இத்தகைய கட்டிலை வாங்க விரும்புவோர் முதலில் அளக்கவேண்டியது கட்டிலை அன்று, தரையை. மூன்றடி அகல மெத்தை இரண்டு, சட்டங்களின் கனத்தோடு பக்கத்தில் பக்கமாக விரிந்தால் ஆறரை அடி போய்விடும். எட்டடி அகல அறையில் எஞ்சுவது ஒன்றரை அடி. கதவு உட்புறம் திறக்குமானால், கீழ்க்கட்டிலை இழுத்துப் போட்டபின் அது திறக்குமா என்பதைச் சாக்கட்டியால் தரையில் கோடு கிழித்துப் பார்த்துக்கொள்வது நலம். அடுத்து, கீழ்க்கட்டிலின் பலகைக்கும் மேற்கட்டிலின் அடிச்சட்டத்துக்கும் உள்ள இடைவெளி. மேல் மெத்தை எவ்வளவு தடித்ததானாலும் பாதகமில்லை. கீழ் மெத்தை அந்த இடைவெளியைவிட ஓரங்குலமாவது குறைந்திருக்கவேண்டும், பெரும்பாலும் ஆறங்குலம் போதும். விரிப்போடு தள்ளும்போது தட்டுகிற மெத்தையை நாலு நாளில் யாரும் உள்ளே தள்ளமாட்டார்கள். பிறகு அறை முழுதும் கட்டிலாகிவிடும்.

சில கட்டில்களில் கீழ்ப்பகுதி இழுத்தபின் வில்விசையால் எழும்பி மேற்கட்டிலுக்குச் சமமான உயரத்தில் நிற்கும். மாட்லின் கல்லூரி நாள் முதல் இருந்துவந்த உயர்வு தாழ்வை இந்த இரும்புக் கால்கள் நீக்கிவிட்டன. முதியோர் வந்து தங்கும் வீட்டுக்கு இதுவே ஏற்றது, தரையோரத்திலிருந்து எழுந்திருக்கும் சிரமம் அவர்களுக்கு இராது. குழந்தைகளுக்கு மட்டுமானால், மடங்கும் இரும்பில் விரல் சிக்கும் அபாயம் இல்லாத பழைய தாழ்ந்த உருள்கட்டிலையே நான் விரும்புவேன்.

பூட்டும் வேலைக்கும் ஒரு பழமை உண்டு. பெரிய கட்டில்கள் எந்நாளும் கழற்றிப் பூட்டத் தக்கனவாகவே செய்யப்பட்டன. 1730இல் மூட்டைப்பூச்சியைப் பற்றி லண்டனில் ஒரு நூலே எழுதிய ஜான் ஸௌத்தால், அப்பூச்சி ஒளிந்துகொள்ள இடம் தராதபடி வேலைப்பாடு குறைந்து எளிதில் பிரிக்கக்கூடிய கட்டில்களையே சிபாரிசு செய்தார். எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு உரியது என்பது மறவாதிருக்கத் தச்சர்கள் மூட்டுகளில் ரோமானிய எண்களை உளியால் கீறிவைத்தார்கள். இன்று பெட்டியில் வரும் சட்டங்களில் எழுத்தும் எண்ணும் ஒட்டிவருவது அதே முறைதான். அவற்றைப் பிய்க்காமல், முதலில் எல்லாச் சட்டங்களையும் தரையில் பரப்பி எண் பார்த்து அடுக்கிக்கொள்ளவேண்டும். போல்ட்டுகள் எல்லாவற்றையும் கையால் பாதியளவு மட்டும் திருகி, சட்டம் முழுதும் கூடி நின்றபின், எதிரெதிர் மூலைகளுக்கிடையே நாடாவால் அளந்து இரண்டு அளவும் ஒன்றாயிருக்கக் கண்டு, அதன்பிறகே இறுக்கவேண்டும். ஒரு மூலையை முதலிலேயே முடுக்கிவிட்டால் நான்காவது மூலையில் துளையும் துளையும் சேராமல் போகும். ரீப்பர்களை அறைந்தபின், மெத்தை போடுவதற்குமுன், கீழ்க்கட்டிலை வெறுஞ்சட்டமாகவே பலமுறை இழுத்தும் தள்ளியும் பார்த்து, சக்கரம் நேராக ஓடாவிட்டால் மேற்கட்டிலின் கால்களுக்கு அடியில் மட்டம் பார்த்து ஆப்பு வைத்துச் சரிசெய்துகொள்ளவேண்டும். ஒரு மாதம் புழங்கியபின் போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை முடுக்கவேண்டியிருக்கும், ஏனெனில் புது மரம் காய்ந்து இளைத்து மூட்டுகளைத் தளர்த்திவிடும்.